பழைய கட்டடத்தைத் தொடுமுன்: சூலியா தெரு நமக்குச் சொல்லும் வரலாறு

பொன்விழா மலர்களில் பெரும்பாலும் மனிதர்களின் வரலாறே எழுதப்படும். யார் முதலில் கப்பலேறினார், எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன தொழில் செய்தார், சங்கத்தைத் தொடங்கிய முன்னோடிகள் யார் என்பதையெல்லாம் பதிவு செய்வோம். அது நம் கடமை. ஆனால் அந்த மனிதர்கள் வாழ்ந்த வீடு, வியாபாரம் செய்த கடை, தொழுத பள்ளிவாசல், ஓதிய மதரசா ஆகியவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. மனிதர்கள் மறைந்தபின் அவர்களுக்குச் சாட்சியாக நிற்பவை இக்கட்டடங்களே.

கட்டடமோ அப்படியே நிற்பதில்லை. மழை பெய்தால் ஓடு ஒழுகும், கறையான் உத்தரத்தை அரிக்கும். குடும்பம் பெருகினால் ஓர் அறை கூட்டவேண்டும், தொழுகைக்கு வருவோர் பெருகினால் பள்ளியை விரிவாக்கவேண்டும். அப்போது ஒரு கேள்வி எழுகிறது. என் கடையின் முகப்பை மாற்ற எனக்கு உரிமை இல்லையா? ஊர் மன்றம் எதற்காக அதில் தலையிடுகிறது? எதைப் பார்த்து அனுமதி தருகிறது, எதைப் பார்த்து மறுக்கிறது?

இக்கேள்விக்கு விடை தேட நாம் வெளிநாடு போகவேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, நம் சமுதாயத்தார் கட்டிய ஒரு பட்டணப் பகுதியில் இதற்கான வரலாறு முழுமையாகக் கிடைக்கிறது. அது பினாங்கு ஜார்ஜ்டவுனின் சூலியா தெரு. முதலில் அந்த வரலாற்றைப் பார்த்துவிட்டு, பிறகு நம் மெர்சிங்குக்கு வருவோம்.

பதினெட்டு ஏக்கர் நிலம்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் திரளாக வரத் தொடங்கினர். அவர்களைச் சூலியர் என்று ஆங்கிலேயர் எழுதினர். 1794இல் லைட் அனுப்பிய அறிக்கையில் பினாங்கில் சுமார் ஆயிரம் சூலியர் குடியிருப்பதாகவும், ஆண்டுதோறும் கப்பல்களில் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் பேர்வரை வந்து போவதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். கடை வைத்தவர்களும் படகு ஓட்டியவர்களும் சுமை தூக்கியவர்களும் அவர்களில் இருந்தனர். அவர்கள் குடியிருந்த தெரு மலபார் தெரு என்று அழைக்கப்பட்டு, பின்னர் சூலியா தெரு ஆயிற்று.

1801இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் அத்தெருவின் தென்புறத்தில் 18 ஏக்கர் நிலத்தைப் பள்ளிவாசலுக்கென வழங்கினார். சமுதாயத்தின் தலைவராக, கப்பித்தான் கிளிங் என்னும் பதவியில் இருந்த காதிர் முகைதீன் அங்கே பள்ளிவாசலை எழுப்பினார். அதுவே இன்றைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதைச் சுற்றிலும் வக்ஃபு நிலம், கடைவீடுகள், அடக்கத்தலங்கள், சந்துகள் என ஒரு முழுக் குடியிருப்பே வளர்ந்தது. சற்றுத் தள்ளி நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் நினைவாக ஒரு தர்காவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தது. அதன் சுவரோடு சேர்ந்த சிறு கடைகளை இன்றும் காணலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இன்று நாம் காணும் பள்ளிவாசல் காதிர் முகைதீன் கட்டியபடியே இருப்பதன்று. அவர் காலத்துச் செங்கல் கட்டடம் சிறியது, எளியது. 1905இல் முகமதிய இந்து அறக்கொடை வாரியத்தை அரசு அமைத்து வக்ஃபு சொத்துகளை அதன் பொறுப்பில் விட்டது. அதன்பின் ஹென்றி ஆல்பிரட் நியூப்ரோனர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடப்படி, 1910களில் பள்ளிவாசல் முகலாயப் பாணியில் விரிவாக்கப்பட்டது. குவிமாடங்களும் மினாராவும் கொண்ட இன்றைய தோற்றம் அப்போது வந்ததுதான். 1930களில் நடு மண்டபம் மேலும் உயர்த்தப்பட்டு, காற்றும் வெளிச்சமும் வரும்படி செய்யப்பட்டது.

ஆக, நாம் பாரம்பரியம் என்று போற்றும் அந்தக் கட்டடமே பல மாற்றங்களின் விளைவு. மாற்றமே கூடாது என்று நம் முன்னோர் நினைத்ததில்லை. எந்த மாற்றம், யாருடைய முடிவு, எதை விட்டுக்கொடுத்து என்பதே அன்றும் இன்றும் கேள்வி.

வாடகைச் சட்டம் காத்ததும் கைவிட்டதும்

சூலியா தெருவும் அதைச் சுற்றிய வரிசை வீடுகளும் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் இடிபடாமல் நின்றதற்கு முக்கியக் காரணம் பாரம்பரியப் பாதுகாப்பன்று. வாடகைக் கட்டுப்பாடு என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31ஆம் தேதிவரை கட்டப்பட்ட கட்டடங்களுக்குப் பொருந்தியது. வீட்டுக்காரர் விருப்பப்படி வாடகையை உயர்த்த முடியாது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. அதனால் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதில் உரிமையாளருக்கு ஆதாயம் இல்லை. அதே காரணத்தால் பழுது பார்ப்பதிலும் அவருக்கு அக்கறை இல்லை. வீடுகள் இடியவில்லை, ஆனால் சிதைந்தன. குறைந்த வாடகையில் சின்னச் சின்னத் தொழில்கள் பிழைத்தன. புத்தகக்கடை, அச்சகம், நாணய மாற்றுக் கடை, நாசி கண்டார் கடை எனத் தலைமுறை தலைமுறையாக நடந்தவை பல.

1997இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் வந்தது. இடைக்கால அவகாசம் 1999 இறுதியோடு முடிந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை உயர்ந்தது. பழைய குடித்தனக்காரர்கள் பலர் பட்டணத்தைவிட்டு வெளியேறினர். வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில வீடுகளில் பறவைக்கூட்டுத் தொழிலுக்காகச் சன்னல்களை அடைத்துவிட்டார்கள். மனிதர் போனபின் அந்த வீடுகளில் உழவாரக் குருவிகள் குடியேறின.

அதற்கு முன்பே ஒரு பெரிய அதிர்ச்சியும் நேர்ந்திருந்தது. நார்த்தம் சாலையில் இருந்த மெட்ரோபோல் ஹோட்டல் என்னும் அழகிய பழைய மாளிகை 1993இல் கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது இடித்துத் தள்ளப்பட்டது. அலுவலகம் மூடியிருக்கும் நாளில் இடித்துவிட்டால் யார் தடுப்பது? பாதுகாக்கவேண்டும் என்ற நல்லெண்ணம் மட்டும் போதாது, முன்கூட்டியே கேட்கவும் மறுக்கவும் மன்றத்துக்கு அதிகாரம் வேண்டும் என்பதைப் பினாங்கு மக்கள் அன்று உணர்ந்தனர்.

2008: உலகப் பட்டியலும் உயரத் தகராறும்

2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஜார்ஜ்டவுனில் 109.38 ஹெக்டர் மையப் பகுதியாகவும், அதைச் சுற்றி 150.04 ஹெக்டர் அரண் பகுதியாகவும் வரையறுக்கப்பட்டன. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் மையப் பகுதிக்குள் வருகின்றன. பல மதத்தவரின் வழிபாட்டுத் தலங்கள் ஒரே தெருவில் அண்டை அயலாக நிற்பதே இந்நகரின் சிறப்பு என்று யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டதில் நம் சமுதாயத்தின் பங்கு சிறிதன்று.

பட்டியலில் சேர்ந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் சிக்கல் வந்தது. பாரம்பரியப் பகுதியில் கட்டடங்கள் 18 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது விதி. அதாவது சுமார் ஐந்து மாடி. ஆனால் அதற்கு மேற்பட்ட உயரத்தில் நான்கு ஹோட்டல் திட்டங்களுக்கு முன்பே அனுமதி தரப்பட்டிருந்தது தெரியவந்தது. உரிமையாளர்கள், “நாங்கள் பட்டியல் வருமுன்பே முறையாக அனுமதி வாங்கியவர்கள்” என்றனர். அது நியாயமான வாதம். பாரம்பரியக் குழுக்களோ, உலகுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மீறலாமா என்று கேட்டன. அதுவும் நியாயமே. 2009இல் யுனெஸ்கோவின் ஆய்வுக் குழு நேரில் வந்து பார்த்தது. பேச்சுவார்த்தைக்குப்பின் சில திட்டங்களின் உயரம் குறைக்கப்பட்டது.

அந்தத் தகராறு ஒரு பாடத்தைக் கற்றுத்தந்தது. விதி தெளிவாக எழுதப்படவேண்டும். அது விண்ணப்பம் வருமுன்பே இருக்கவேண்டும், பின்னால் வரக்கூடாது. 2010இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம் தொடங்கப்பட்டது. 2016 செப்டம்பரில் ஜார்ஜ்டவுனுக்கான சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வெளியாகிச் சட்ட வலிமை பெற்றது. ஓடு எப்படி இருக்கவேண்டும், பெயர்ப்பலகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதுவரை அதில் உண்டு.

மன்றம் எப்படிப் பரிசீலிக்கிறது?

முதலில் கட்டடம் எந்த வகையில் சேர்கிறது என்று பார்ப்பார்கள். முதல் வகையில் பள்ளிவாசல், கோயில், கோட்டை போன்ற தனிச்சிறப்புள்ள கட்டடங்கள் அடங்கும். இரண்டாம் வகையில் வரிசைக் கடைவீடுகள் போன்ற, இயன்றவரை காக்கவேண்டிய கட்டடங்கள் அடங்கும். பெரும்பாலானவை இவ்வகையே. இவையன்றிக் காலிமனைகளும், எந்தச் சிறப்பும் இல்லாத பிற்காலக் கட்டடங்களும் உண்டு. காலிமனையில் புதிதாகக் கட்டலாம். சிறப்பில்லாததை அகற்றிவிட்டுக் கட்டலாம். ஆனால் புதியது பக்கத்துக் கட்டடங்களோடு இசைந்து போகவேண்டும்.

உரிமையாளர் வேலை தொடங்குமுன் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவிடம் ஆலோசனை பெறுவது வழக்கம். பிறகு தகுதி பெற்ற கட்டடக் கலைஞர் இருக்கும் கட்டடத்தை அளந்து வரைபடம் தயாரிக்கிறார். எந்தச் சுவர் பிளந்திருக்கிறது, எந்த உத்தரம் உளுத்திருக்கிறது என்பதைப் படங்களோடு அறிக்கையாக எழுதுகிறார். என்ன செய்யப்போகிறார்கள் என்பதற்கு வேறொரு வரைபடம். பெரிய வேலையானால் அது பாரம்பரியத்தை எப்படிப் பாதிக்கும் என்ற தனி மதிப்பீடும் வேண்டும்.

இவற்றோடு திட்டமிடல் அனுமதிக்கான விண்ணப்பம் மன்றத்தின் ஒரே நிலைய மையத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து பல துறைகளுக்குப் போய்க் கருத்துப் பெறுகிறது. பாரம்பரியப் பகுதிக்கென உள்ள தொழில்நுட்ப ஆய்வுக் குழு அதைப் பார்த்து ஆலோசனை சொல்கிறது. தீயணைப்பு மீட்புத் துறையின் கருத்து மிக முக்கியம். வீடாக இருந்ததை ஹோட்டலாக மாற்றினால் மரத்தளமும் மரப்படிக்கட்டும் உள்ள கட்டடத்தில் மக்கள் எப்படித் தப்பிப்பார்கள் என்று அவர்கள் கேட்பார்கள். பழமையைக் காக்கவேண்டும், உயிரையும் காக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே வழி காண்பதுதான் நல்ல கட்டடக் கலைஞரின் திறமை. திட்டமிடல் அனுமதி கிடைத்தபின், 1974ஆம் ஆண்டு தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ்க் கட்டட வரைபடத்துக்குத் தனி ஒப்புதல். அதன்பிறகே வேலை.

பரிசீலிப்பவர்கள் எவற்றைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் விதிகளின் நோக்கம் விளங்கும்.

முதலாவது அஞ்சடி. வெயிலுக்கும் மழைக்கும் நனையாமல் நடக்கக் கடைமுன் விடப்பட்ட அந்த நடைபாதை, 1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலேயே கட்டாயமாக்கப்பட்டது. மலாயில் அது காக்கி லீமா. அது கடைக்காரரின் எல்லைக்குள் இருந்தாலும் நடப்பவர் எல்லாருக்கும் உரியது. அதை அடைத்துக் கடையை நீட்டினால் பாரம்பரியமும் கெடும், பாதசாரிக்கும் இடையூறு.

இரண்டாவது கூரை. பழைய கடைவீடுகளில் களிமண் ஓடு. அதை எடுத்துவிட்டுத் தகரம் போட்டால் வீடு சூடாகும், வரிசையின் தோற்றமும் உடையும்.

மூன்றாவது நடுமுற்றம். நீண்டு குறுகிய கடைவீட்டில் நடுவே வானம் பார்த்த அந்த இடம்தான் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழி. இடம் மிச்சமாகும் என்று அதைக் கூரையிட்டு மூடுவது நம்மவர்களும் செய்கிற வேலை. மூடியபின் பகலிலும் விளக்குப் போடவேண்டியிருக்கும்.

நான்காவது சுவர்ப்பூச்சு. பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு உப்புப் பூத்துச் செங்கல் உதிரும். வெளியே வழவழப்பாகத் தெரியும் சுவர் உள்ளுக்குள் அழுகும். எனவே சுண்ணாம்பே பூசவேண்டும் என்ற விதியை வெறும் பழமைப் பற்று என்று தள்ளிவிட முடியாது. அதில் கட்டட அறிவும் இருக்கிறது.

சட்டம் சுவரைக் காக்கும், மனிதரை?

இத்தனை விதிகளுக்குப் பின்னும் ஜார்ஜ்டவுன் வரலாற்றில் ஒரு வேதனை இருக்கிறது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

பரிசீலனைக் குழு முகப்பைப் பார்க்கிறது, ஓட்டைப் பார்க்கிறது. உள்ளே யார் இருந்தார், இனி யார் இருப்பார் என்பது அதன் கையில் முழுமையாக இல்லை. தெரு அழகானதும் சொத்தின் விலை ஏறியது. தங்கும் விடுதிகளும் காப்பிக்கடைகளும் வந்தன. சுண்ணாம்பு பூசி, ஓடு மாற்றி, விதி ஒன்றும் மீறாமல் புதுப்பிக்கப்பட்ட வீட்டில், அறுபது ஆண்டு குடியிருந்த குடும்பம் இல்லை. முகப்பு தப்பியது, வாழ்க்கை போயிற்று. பள்ளிவாசலைச் சுற்றியிருந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் குறைந்ததற்கு வாடகைச் சட்ட நீக்கமும் இந்த விலையேற்றமும் காரணங்கள்.

பயன்பாட்டில் மன்றம் தலையிட்டதே இல்லை என்றும் சொல்லமுடியாது. பாரம்பரியப் பகுதியிலிருந்த பறவைக்கூட்டு வளர்ப்பை 2013 இறுதிக்குள் அகற்றவேண்டும் என்று பினாங்கு அரசு கெடு வைத்தது. ஈரமும் எச்சமும் கட்டடத்தைக் கெடுக்கும், அண்டை வீட்டாருக்கும் தொல்லை என்பதே காரணம். 2009இல் தொடங்கிய திங்க் சிட்டி நிறுவனம், சிறு உரிமையாளர்களும் சமூக அமைப்புகளும் கட்டடத்தைச் செப்பனிட மானியம் வழங்கியது. விதியை மட்டும் காட்டி மிரட்டாமல் கையும் கொடுத்தால் மக்கள் ஒத்துழைப்பார்கள் என்பதற்கு அது ஒரு சான்று.

வக்ஃபு சொத்துகளுக்கு இதில் தனி இடம் உண்டு. தனியார் சொத்தை விலைக்கு விற்கலாம், வக்ஃபை விற்கமுடியாது. விலையேற்றத்திலும் அது சமுதாயத்தின் கையில் நிற்கும். நம் முன்னோர் வக்ஃபு செய்த நோக்கத்தின் அருமை இத்தகைய நேரத்தில்தான் தெரிகிறது. அந்த வீடுகளில் யாரைக் குடிவைப்பது, என்ன வாடகை வாங்குவது என்பதை நிர்வாகம் கவனமாகச் செய்தால், சட்டத்தால் காக்கமுடியாததை வக்ஃபு காக்கும்.

சிங்கப்பூரும் மலாக்காவும்

நமக்கு அருகிலுள்ள சிங்கப்பூரில் இவ்வேலை முன்பே தொடங்கிவிட்டது. தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830க்குள் கட்டப்பட்ட நாகூர் தர்கா, அதே தெருவிலுள்ள அல் அப்ரார் பள்ளிவாசல், சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் மூன்றும் 1974இல் தேசியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. மூன்றும் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியவை. 1989 ஜூலையில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய வட்டாரங்கள் முழுமையாகப் பாதுகாப்புப் பகுதிகளாயின. இருப்பதை இயன்றவரை வைத்துக்கொள், நுணுக்கமாக மீட்டெடு, கவனமாகப் பழுது பார் என்பதே அங்கே நகரச் சீரமைப்பு ஆணையம் வகுத்த கொள்கை. பழுதடைந்து மூடிக்கிடந்த நாகூர் தர்கா 2007இல் தொடங்கிய செப்பனிடும் பணிக்குப்பின் 2011இல் இந்திய முஸ்லிம் பாரம்பரிய நிலையமாகத் திறக்கப்பட்டது. கட்டடமும் பிழைத்தது, அதில் நம் கதையைச் சொல்லும் வேலையும் தொடர்கிறது.

மலாக்காவில் 1748இல் மரத்தால் கட்டப்பட்டு 1872இல் செங்கல்லால் மீண்டும் எழுப்பப்பட்ட கம்போங் கிளிங் பள்ளிவாசலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அடுக்குக் கூரையும் சீனப் பாணி சாயலுள்ள மினாராவும் கொண்டது. யாரோ ஒருவர் ‘குவிமாடம் இல்லாமல் பள்ளிவாசலா?’ என்று கேட்டு அதை மாற்றியிருந்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பாகியிருக்கும். மலாக்கா மாநிலம் 1988இலேயே பண்பாட்டுப் பாரம்பரியத்தைக் காக்கத் தன் சொந்தச் சட்டத்தை இயற்றியது.

உலக அளவில் பார்த்தால், ஒரு தனிக் கட்டடத்தை மட்டுமன்றி ஒரு வட்டாரத்தையே காக்க ஊர் மன்றம் ஆய்வுக் குழு அமைத்தது அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், 1931இல். பிரான்சு 1962இலும், இங்கிலாந்து 1967இலும் அவ்வாறே சட்டம் செய்தன. ஒரு வீடு மட்டும் தனியே நின்றால் அது காட்சிப்பொருள், வரிசை முழுவதும் நின்றால் அது ஊர் என்ற எண்ணமே இவற்றுக்கெல்லாம் அடிப்படை.

மெர்சிங்குக்கு இதில் என்ன?

மெர்சிங் உலகப் பட்டியலில் உள்ள ஊரன்று. ஆற்றங்கரையும் படகுத்துறையும், குன்றின்மேல் பள்ளிவாசலும், சில வரிசைக் கடைவீடுகளுமாக அமைந்த சிறிய பட்டணம். தியோமான் தீவுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி, சாப்பிட்டு, படகேறிவிடுகிறார்கள். நமக்கு எதற்கு இந்தப் பாரம்பரியப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம்.

ஆனால் சட்டம் ஜார்ஜ்டவுனுக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி மெர்சிங் மாவட்ட மன்றமும் ஓர் உள்ளூர்த் திட்டமிடல் அதிகாரம் பெற்ற அமைப்பே. கட்டுவது மட்டுமன்றி, ஒரு கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் அச்சட்டத்தின்படி மேம்பாடாகும். அதற்கு அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்தால் ஐந்து லட்சம் ரிங்கிட்வரை அபராதமோ, இரண்டாண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. விண்ணப்பத்தோடு தரும் மேம்பாட்டு முன்மொழிவு அறிக்கையில், வரலாற்றுச் சிறப்போ கட்டடக்கலைச் சிறப்போ உள்ள கட்டடம் இருந்தால் அதைப்பற்றிய விவரமும் சேரவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். உள்ளூர்த் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபம் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அனுமதி மறுக்கப்பட்டால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். பள்ளிவாசலும் வக்ஃபு கட்டடமுமாக இருந்தால் மாவட்ட மன்றத்தின் அனுமதியோடு மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் ஒப்புதலும் தேவை. வக்ஃபு சொத்துக்கு அதுவே தனி அறங்காவலர்.

2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தேசியப் பாரம்பரியச் சட்டமும் உண்டு. ஓர் இடத்தைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கவேண்டும் என்று யாரும் முன்மொழியலாம். அதற்குப் பெரிய அமைப்பாக இருக்கவேண்டும் என்பதில்லை.

எதிர்த்துச் சொல்பவர்களின் வாதத்தையும் கேட்கவேண்டும். “கடையில் வரும் வருமானம் குறைவு. களிமண் ஓடு கிடைப்பதில்லை, சுண்ணாம்பு பூசத் தெரிந்த ஆளும் இல்லை. கட்டடக் கலைஞருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வேலையை முடித்துவிடுவேன்.” இது உண்மையான கஷ்டம். பெரிய முதலாளிக்கு அனுமதி ஒரு தாமதம் மட்டுமே, சிறு கடைக்காரருக்கு அது ஒரு மாத வருமானம். அதனால்தான் சிறிய ஊர்களில் நாம் கேட்கவேண்டியது கடும் விதிகளை அல்ல. ஆலோசனை, சிறு வேலைகளுக்கு எளிய நடைமுறை, மானியம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அவை இல்லாமல் விதி மட்டும் வந்தால், மக்கள் கட்டடத்தைப் பழுது பார்க்காமல் தானே விழட்டும் என்று விட்டுவிடுவார்கள். வாடகைச் சட்டக் காலத்தில் ஜார்ஜ்டவுனில் நடந்தது அதுவே.

குடும்பங்கள் இப்போதே செய்யக்கூடியவை

நம் உறுப்பினர் குடும்பங்கள் அரசு எதையும் அறிவிக்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. பரிசீலனைக் குழுவின் முன் ஒரு கட்டடத்துக்காகப் பேசுபவை ஆவணங்களே. “இது பழசு” என்று வாயால் சொன்னால் போதாது.

கடையின் நிலப் பட்டா, பழைய வாடகை ரசீது, லைசென்ஸ், சுக்காய் பிந்து ரசீது, கட்டட வரைபடம் எது கிடைத்தாலும் தூக்கி எறியாதீர்கள். திருமணப் படத்தின் பின்னணியில் தெரியும் பழைய முகப்பு ஒரு வரலாற்றுச் சான்று. பெருநாளன்று கடைவாசலில் எடுத்த படமும் அப்படியே. படத்தின் பின்புறம் ஆண்டையும் இடத்தையும் எழுதி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், எந்த அறை எப்போது கட்டியது, கடையின் முதல் பெயர் என்ன, அடுத்த கடையில் யார் இருந்தார் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

பழுது பார்க்க நேர்ந்தால், வேலை தொடங்குமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கழற்றும் சன்னலையும் கதவையும் விற்றுவிடாதீர்கள். ஒப்பந்தக்காரர் “இதற்கெல்லாம் அனுமதி வேண்டாம்” என்று சொன்னால் அதை நம்பாமல் மாவட்ட மன்றத்திலேயே நேரில் கேளுங்கள். அபராதம் வந்தால் கட்டவேண்டியவர் உரிமையாளர், ஒப்பந்தக்காரர் அல்லர்.

சங்கமும் ஒரு வேலையை ஏற்கலாம். மெர்சிங்கில் நம் சமுதாயத்தார் நடத்திய, குடியிருந்த கட்டடங்களை வரிசையாக எழுதி, படத்தோடு ஒரு பதிவேடு உருவாக்கலாம். அதன் ஒரு பிரதியை மாவட்ட மன்றத்திடம் கொடுத்து வைத்தால், நாளை உள்ளூர்த் திட்டம் திருத்தப்படும்போது அது மேசைமேல் இருக்கும். காதிர் முகைதீனின் பள்ளிவாசலைப்பற்றி இன்று நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம் நிலம் வழங்கிய ஆவணம் எழுத்தில் இருந்ததும், அது பாதுகாக்கப்பட்டதுமே. அந்த ஆவணம் இல்லாதிருந்தால் 18 ஏக்கரும் வாய்க்கதையாகவே இருந்திருக்கும்.

ஐம்பது ஆண்டை எட்டிய நம் சங்கம் நூறாண்டு மலர் வெளியிடும்போது, நம் பேரப்பிள்ளைகள் எழுதவேண்டியதற்கு ஆதாரம் நாம் விட்டுச் செல்வதே. கடைகள் கைமாறலாம், கட்டடங்கள் மாறலாம். மாற்றம் வரும்போது கேட்டு, எழுதி, முறைப்படி செய்வோம். அந்தப் பொறுப்பை உணர்ந்து நடக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.